உள்ளத்தை உருக்கிய மாணிக்கச் சொற்கள்!

சட்டியில் வெண்ணெய் உருகுவதை அடுக்களையில் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். கல் போன்ற மனமும் அப்படி உருகுமா? உருகும் என்று காட்டியவர் மாணிக்கவாசகப் பெருமான்.

மதுரைக்கு அருகே திருவாதவூரில் அவதரித்தவர் இவர். இளமையிலேயே கலைகள் யாவும் கற்று, பாண்டிய மன்னனின் அமைச்சரானார். 'தென்னவன் பிரமராயன்' என்ற பட்டமும் தேடி வந்தது. பதவி, செல்வம், சொல்வாக்கு எல்லாம் இருந்தும் மனம் நிறையவில்லை. நல்லதொரு குரு கிடைக்கமாட்டாரா என்று ஏங்கினார்.

குதிரை வாங்கி வரும்படி பெரும் பொருள் கொடுத்து மன்னன் அவரை அனுப்பினான். வழியில் திருப்பெருந்துறை. அங்கே குருந்த மரத்தடியில் குருவாக அமர்ந்திருந்தார் ஈசன்! பார்த்த மாத்திரத்தில் அமைச்சருக்குக் குதிரையும் மறந்தது, அரசனும் மறந்தான். திருவடி தீட்சை பெற்றவரின் நாவிலிருந்து பாடல்கள் ஊற்றெடுத்தன. ஒவ்வொரு சொல்லும் மாணிக்கமாக இருந்ததால், மாணிக்கவாசகன் என்று அந்த குருவே பெயர் சூட்டினாராம். அரசாங்கப் பொருள் முழுவதும் ஆலயத் திருப்பணிக்குச் செலவாயிற்று.

மன்னன் சும்மா விடுவானா? நரிகளைப் பரிகளாக்கி ஈசன் கொண்டுவந்து கொடுத்தார். இரவில் அவை மீண்டும் நரிகளாகிவிட, வைகையின் சுடுமணலில் வாட்டப்பட்டார் வாதவூரர். பக்தன் படும் துன்பம் பொறுக்காத இறைவன் வைகையைப் பெருக்கெடுக்கச் செய்ததும், வந்திப் பாட்டியின் பிட்டுக்காக மண் சுமந்து பிரம்படி பட்டதும் நீங்கள் அறிந்த கதைதானே!

அதன்பின் பதவியைத் துறந்து தலம் தலமாகப் பாடிச் சென்றார். அவர் பாடிய திருவாசகத்தில் 51 பதிகங்கள், 658 பாடல்கள். புரட்டிப் பாருங்கள்... உருகுதல், கசிதல், நெகிழ்தல், விம்முதல் என்ற சொற்களே திரும்பத் திரும்ப வரும். பிறரை மயக்கத் தேடி எடுத்த சொற்கள் அல்ல இவை. தான் உருகியதைத்தான் அவர் சொன்னார். அதனால்தான் கேட்பவரும் உருகுகிறார்கள். கடல் கடந்து வந்த பாதிரியார் ஜி.யு. போப், இந்தப் பாடல்களில் மனம் கரைந்து 1900-ல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார் என்றால் பாருங்களேன்!

தில்லையில், பிறவியிலேயே பேசாதிருந்த ஈழ மன்னனின் மகளையும் பேச வைத்தார் இவர். அவர் கேள்வி கேட்க, அந்தப் பெண் பதில் சொல்லியதே 'திருச்சாழல்'. நிறைவாக, அந்தணர் வடிவில் ஈசனே வந்து, அவர் பாடப் பாட ஏட்டில் எழுதிக்கொண்டார். பாடல்களின் பொருள் என்ன என்று தில்லைவாழ் அந்தணர்கள் கேட்டபோது, நடராஜப் பெருமானைக் காட்டி, இவரே பொருள் என்று சொல்லி ஜோதியில் கலந்தார்.

திருப்பெருந்துறைதான் இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில், அறந்தாங்கிக்கு அருகே உள்ள ஆவுடையார்கோவில். கருவறையில் ஆவுடையார் மட்டுமே உண்டு. லிங்க பாணம் கிடையாது. கொடிமரமும் நந்தியும்கூட இல்லை. சுடச்சுடப் பரப்பிய புழுங்கலரிசி சாதத்தின் ஆவியே அரூபமான ஆத்மநாதருக்கு நைவேத்தியம்!

ஆனி மகம், மாணிக்கவாசகரின் குருபூஜை நாள். அன்று விளக்கேற்றி, ஒரே ஒரு பதிகமாவது அவசரமின்றி வாய்விட்டுப் பாடுங்கள். எந்தச் சொல்லில் உங்கள் கண் கலங்குகிறதோ, அதுவே உங்களுக்கென்று அவர் விட்டுச்சென்ற மாணிக்கம்!