குடற்கலத்தின் சமநிலையும் சம்புநாத் டேயும்

வவுனியாவிலிருந்து மன்னார் வீதியில் செல்வோர் பூவரசங்குளத்தைக் கடந்தே செட்டிகுளம் போகின்றனர். 2009இல் இடம்பெயர்ந்த மக்கள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கவைக்கப்பட்டது அப்பக்கத்து முகாம்களிலேதான். நெருக்கடியும் நீர்த்தட்டுப்பாடும் கூடுமிடத்தில் வயிற்றோட்டம் தலைகாட்டும். அவ்வேளையில் நாம் தேடும் ஜீவனிப் பொதியை நினைக்கையில், வங்காளத்து மருத்துவ அறிஞர் ஒருவரையும் நினைத்தல் தகும்.

சம்புநாத் டே 1915இல் ஹூக்ளி மாவட்டச் சிற்றூர் ஒன்றில், வசதி குறைந்த குடும்பத்தில் பிறந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்று, இலண்டனில் 1949இல் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பியவர், வாந்திபேதி ஆண்டுதோறும் உயிர்களை வாரிச்சென்ற அந்நகரிலேயே அந்நோயை ஆராயத் தலைப்பட்டார்.

1884இல் அதே கல்கத்தாவில் கொலராக் கிருமியை இனங்கண்ட ரொபேர்ட் கொக், அது நச்சொன்றைச் சுரக்கின்றது எனக் கருதியிருந்தார். பின்வந்தோர் பலர் அந்நச்சை விலங்குகளின் இரத்தத்திலும் வயிற்றறையிலும் ஏற்றிப் பார்த்து ஏமாந்தனர். நோய் குடலில் நிகழ்கையில் வேறிடத்தில் தேடுவானேன்? டே முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இருபுறமும் கட்டி, அதனுள் கிருமியைச் செலுத்தினார். குடல் நீரால் புடைத்தது. 1959இல் கிருமிகளை முற்றாக வடித்து நீக்கிய திரவத்தைச் செலுத்தியபோதும் அவ்வாறே புடைத்தது. நச்சு வெளிப்பட்டுவிட்டது! நேச்சர் சஞ்சிகையில் வெளியான அக்கட்டுரை மிகச் சிறியது. விலையுயர்ந்த கருவி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை என்பது எமக்கு வியப்பளிக்கின்றது.

நச்சின் செயல் பின்னரே முழுமையாக விளங்கிற்று. உயிர்க்கலம் ஒவ்வொன்றும் தன்னுள் உப்பையும் நீரையும் அளவோடு பேணுகின்றது. கொலரா நச்சு குடற்கலத்தைக் கொல்வதில்லை. அதன் குளோரைட்டு வாயிலைத் திறந்தபடியே வைத்துவிடுகின்றது. குளோரைட்டைத் தொடர்ந்து சோடியமும் நீரும் வெளியேற, சில மணிநேரத்தில் உடல் வற்றுகின்றது. ஆயின் குளுக்கோசோடு சோடியம் உள்ளே வரும் வேறொரு வாயில் பழுதின்றியே இருக்கும். உப்பும் குளுக்கோசும் கலந்த நீர் உயிர்காப்பது அவ்வழியாலேயே. அதனைக் கண்டறிந்தோர் வேறு சிலர். 1971இல் வங்காள அகதி முகாமொன்றில் வைத்தியர் திலீப் மகலனாபிஸ் அதனைப் பெருமளவில் கையாண்டார். அங்கே நூற்றுக்கு முப்பது வரை இருந்த இறப்பு நான்கிலும் குறைந்தது.

டேயோ நச்சைத் தூய்மைப்படுத்த வசதியின்றி நின்றார். 1969இல் அமெரிக்க ஆய்வாளர் அதனைச் செய்துமுடித்தனர். 1973இல் இவர் ஓய்வுபெற்றார். 1978இல் கொலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு ஸ்டொக்ஹோம் அழைத்தது. நோபல் பரிசுக்கு இவரது பெயரை முன்மொழிந்தவர் அப்பரிசை முன்னரே பெற்றிருந்த யோசுவா லெடர்பேர்க். தாய்நாட்டின் அறிவியற் கழகம் ஒன்றேனும் இவரை உறுப்பினராக்கவில்லை. 1985 ஏப்ரலில் காலமானார். பெங்களூரின் கரண்ட் சயன்ஸ் சஞ்சிகை இவருக்கெனச் சிறப்பிதழ் வெளியிட்டது 1990இல்.