பந்து பிடித்த கை: பாலூ பல்வங்கரின் வாழ்க்கை

விளையாட்டு வீரர் ஒருவரது வரலாற்றுக்கு இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் என்ன இடம் என்று அன்பர்கள் சிலர் எண்ணக்கூடும். ஞாயிறு காலைகளில் நம் கே.கே. நகர்த் திடல்களில் மட்டையும் கையுமாக நிற்கும் பிள்ளைகளுக்குக் கபில்தேவைத் தெரியும், டெண்டுல்கரைத் தெரியும், ரஞ்சியின் பெயர்கூடக் கோப்பையின் வாயிலாகத் தெரியும். இந்திய மண்ணில் தோன்றிய முதல் பெரும் பந்து வீச்சாளர் யார் என்று கேட்டால் விழிப்பார்கள். பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. பெரியவர்களாகிய நமக்கே ராமச்சந்திர குகாவின் ஆங்கில நூல் 2002ஆம் ஆண்டில் வெளிவரும்வரை பாலூ பல்வங்கர் என்ற பெயர் பழக்கமானதன்று. இத்தனைக்கும் ஒரு காலத்தில் பம்பாய் நகரமே அவர் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது.

கொங்கணத்தில் உள்ள பல்வன் என்னும் சிற்றூர் அக்குடும்பத்தின் பூர்வீகம். அதுவே குடும்பப் பெயராயிற்று. 1876ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் தார்வாரில் பாலூ பிறந்தார். தோல் தொழில் செய்யும் சமார் குலம். தந்தையார் பூனாவில் இராணுவத்தைச் சார்ந்து பிழைத்தவர். வெள்ளை அதிகாரிகள் கழித்துப்போட்ட மட்டையையும் பந்தையும் கொண்டு பாலூவும் தம்பி சிவராமும் ஆட்டம் பழகினர். பின்னர்ப் பிறந்த விட்டல், கண்பத் ஆகிய தம்பியரும் இதே வழியில் வந்தவர்களே.

பாலூவின் முதல் வேலை, பூனாவில் பார்சிகளின் மைதானத்தைப் பெருக்கி உருளை இழுப்பது. சம்பளம் மாதம் 3 ரூபாய். அடுத்து வெள்ளையரின் பூனா கிளப்பில் 4 ரூபாய்க்குச் சேர்ந்தார். ஆடுகளத்தைச் செப்பனிடுதல், வலை கட்டுதல், டென்னிஸ் தளத்துக்குக் கோடு போடுதல் எல்லாம் அவர் பொறுப்பு. ஓய்ந்த வேளையில் துரைமார்களுக்குப் பந்தும் வீசலாம். ஹாம்ப்ஷயர் அணிக்கு ஆடிய கிரெய்க் என்னும் இராணுவ அதிகாரி, பிறர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து பாலூவைப் பந்து வீசச் சொல்வார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா கொடுப்பார் என்று வழங்குகிறது. அவ்வாறாயின் மாதச் சம்பளத்தை எட்டே பந்துகளில் ஈட்டிவிடலாம்! ஆனால் ஒருநாளேனும் மட்டையை அவர் கையில் கொடுத்து ஆடச் சொன்னதில்லை. மட்டை பிடிப்பது எசமானர்களின் உரிமை. பந்து வீசுவது ஊழியம்.

பாலூ இடக்கையால் மெதுவாக வீசுபவர். பந்து இருபுறமும் திரும்பும். ஒரே ஓட்டத்தில் வந்து வேகத்தையும் உயரத்தையும் மாற்றிவிடுவார். சொன்ன இடத்தில் நாளெல்லாம் பந்தை இறக்கவல்ல அந்தக் கட்டுப்பாடு, வெள்ளையரின் வலைகளில் ஆண்டுக்கணக்கில் சலிக்காமல் வீசி வீசி வந்தது.

பூனா இந்துக்களின் அணிக்கு வெள்ளையரை வெல்ல வேண்டும் என்ற ஆசை. வெல்லத்தக்கவர் ஒருவர் இருக்கிறார். ஆனால் அவர் தீண்டத்தகாதவர். நீண்ட விவாதத்துக்குப் பின் ஆசை வென்றது, பாலூ சேர்க்கப்பட்டார். ஆடுகளத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டனர். தேநீர் வேளையில் மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் அருந்த, அவருக்கு வெளியே மண்குவளையில் ஊற்றப்பட்டது. முகம் கழுவத் தண்ணீர் கொடுக்கவும் அவர் குலத்தவர் ஒருவரே வரவேண்டும். உணவுக்குத் தனித் தட்டு. பந்து தோலால் தைக்கப்பட்டது என்பதை அங்கே எவரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. நம் ஊரிலும் மிருதங்கத்தின் நாதத்தைச் சபை நடுவில் வீற்றிருந்து சுவைத்தவர்கள், அதன் தோலைப் பதப்படுத்தியவர் எங்கே நின்றார் என்று கேட்டதில்லை அல்லவா? சதாராவில் வெள்ளையர் அணி, பாலூவின் சுழலை முறியடிக்க ஒரு வாரம் உருளை இழுத்துக் களத்தை மழுங்கடித்தது. அங்கும் அவர் ஏழு விக்கெட்டுகளை வீழ்த்தினார். மகாதேவ கோவிந்த ரானடே போன்ற சீர்திருத்தச் சான்றோர் அவரைப் பாராட்டினர். பாராட்டு வந்தது; பீங்கான் கோப்பை வருவதற்குக் காலம் பிடித்தது.

பூனாவில் பிளேக் பரவியபின் பாலூ பம்பாய்க்குப் பெயர்ந்தார். இராணுவத்திலும் பிறகு இரயில்வேயிலும் வேலை பார்த்தபடி இந்து ஜிம்கானாவுக்காக ஆடினார். இங்கும் எதிர்ப்பு இருந்தது; அது பூனாவைவிட விரைவில் அடங்கியது. 1906ஆம் ஆண்டு பிப்ரவரியில் பம்பாயில் இந்து அணி வெள்ளையர் அணியை 109 ஓட்டங்களில் வென்றது. வங்கப் பிரிவினையால் நாடு கொதித்திருந்த நேரம் அது, தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். அவ்வெற்றியில் பாலூவுக்கும் சிவராமுக்கும் பெரும் பங்கு இருந்தது. பம்பாய் அணியினர் அவ்விருவரோடும் ஒரே பந்தியில் உண்டனர். வெற்றியைக் காட்டிலும் அந்தப் பந்திதான் சீர்திருத்தப் பத்திரிகைகளுக்குப் பெரிய செய்தியாயிற்று.

1911ஆம் ஆண்டு இந்திய அணி இங்கிலாந்து சென்றது. தலைவர் பாட்டியாலா மகாராஜா பூபீந்தர் சிங், வயது 19. அவர் ஆடியது கொஞ்சம், விருந்துண்டது அதிகம். 23 ஆட்டங்களில் ஆறில் வெற்றி, பதினைந்தில் தோல்வி. இந்தத் தோல்விக் கணக்கின் நடுவே பாலூ மட்டும் 114 விக்கெட்டுகளை, விக்கெட்டுக்குச் சராசரி 18.84 ஓட்டங்கள் என்ற அளவில் எடுத்தார். பழகாத குளிர், ஈரக்களம், முப்பத்தைந்து வயது இவற்றை எண்ணிப் பார்த்தால் இது வியப்பூட்டும் சாதனை. அதே ஆண்டு ஜூலையில்தான் கல்கத்தாவில் மோகன் பகான் கால்பந்து வீரர்கள் வெள்ளையர் அணியை வென்று கேடயத்தைக் கைப்பற்றினார்கள். அவர்களை நாடு மறக்கவில்லை. பாலூ நாடு திரும்பியபோது பம்பாயின் தாழ்த்தப்பட்ட மக்கள் விழா எடுத்தனர். அந்நாளில் கல்லூரி மாணவராயிருந்த அம்பேத்கர் அவரை வீரநாயகராகவே கருதினார். இச்செய்தியை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டும்.

இவ்வளவு செய்தவருக்கு இந்து அணியின் தலைமை வந்ததா? வரவில்லை. ஆண்டுதோறும் கேட்கப்பட்டது, ஆண்டுதோறும் மறுக்கப்பட்டது. தலைவராயிருந்த எம்.டி. பாய் என்பவரே, மூத்தவரான பாலூவுக்கு உரியது தமக்கு வந்துவிட்டது என்று பொதுமேடையில் ஒப்புக்கொண்டார். 1920இல் நிலைமை முற்றியது. பாலூ அணியிலிருந்து விலக்கப்பட்டார். பாய் உடல் நலமின்றி இருக்க, தலைமை விட்டலையும் சிவராமையும் தாண்டி இளையவர் ஒருவருக்குப் போயிற்று. தம்பியர் இருவரும் ஆட மறுத்து வெளியேறினர். காந்தியடிகள் தீண்டாமையைக் கடிந்து பேசிக்கொண்டிருந்த காலமாதலால் ஊரே அவர்கள் பக்கம் நின்றது. இறுதி ஆட்டத்துக்கு மூவரும் திரும்ப அழைக்கப்பட்டனர். பாலூ துணைத் தலைவரானார். ஆட்டத்தின் நடுவே பாய் சிறிது நேரம் களத்தை விட்டு வெளியேறினார். அந்தச் சிறிது நேரம் பாலூ தலைவராயிருந்தார். நாற்பத்து நான்கு வயதில் அவருக்குக் கிட்டியது அவ்வளவே. 1923இல் விட்டல் தலைவரானார். அவ்வாண்டு வெள்ளையரை வென்றும் காட்டினார். அண்ணன் தட்டிய கதவு தம்பிக்குத் திறந்தது.

முதல்தர ஆட்டங்கள் முப்பத்து மூன்றில் 179 விக்கெட்டுகள், சராசரி 15.21 என்பது பாலூவின் கணக்கு. அவர் சிறப்பாக ஆடிய ஆண்டுகளில் இந்தியாவுக்கு டெஸ்ட் ஆட்டமே இல்லை. 1932இல் அது வந்தபோது அவர் வேறொரு களத்தில் இருந்தார்.

அந்தக் களம் அரசியல். தாழ்த்தப்பட்டோருக்குத் தனித்தொகுதி வேண்டும் என்றார் அம்பேத்கர். நம் ரெட்டமலை சீனிவாசனும் வட்டமேசை மாநாட்டில் அவரோடு நின்றவர். பாலூவோ கூட்டுத்தொகுதி போதும் என்ற சென்னை எம்.சி. ராஜாவின் பக்கம் சேர்ந்தார். எரவாடா சிறையில் காந்தியடிகள் உண்ணாவிரதம் இருந்து, 1932 செப்டம்பர் 24ஆம் நாள் ஒப்பந்தம் உருவானபோது அதில் கையொப்பமிட்டவர்களுள் பாலூவும் ஒருவர். எரவாடா இருப்பது பூனாவில். அவருக்கு மண்குவளையில் தேநீர் ஊற்றிய அதே பூனாவில்! 1935இல் இந்துவாகச் சாகமாட்டேன் என்னும் பொருள்பட அம்பேத்கர் அறிவித்தபோது பாலூ அதை வெளிப்படையாக எதிர்த்தார். 1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கரை எதிர்த்து நிற்கக் காங்கிரஸ் அவரையே தேர்ந்தெடுத்தது. தயக்கத்தோடுதான் இசைந்தார். அம்பேத்கருக்கு 13,245 வாக்குகள், பாலூவுக்கு 11,225.

இதைக்கொண்டு அவரை விலைபோனவர் என்று பேசுவோர் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. வெளியே நின்று தேநீர் குடித்தவர், உள்ளே அமர்ந்து உண்ணும் நாளைக் கண்டார். தம்பி தலைவரானதைக் கண்டார். மெல்ல மெல்ல என்றாலும் மனம் மாறும் என்று அவர் நம்பியதற்கு அவர் வாழ்க்கையே சான்றாயிருந்தது. அம்பேத்கரின் கேள்வி வேறு. விக்கெட் எடுக்கத் தெரியாத கோடிக்கணக்கானோர் எந்தத் தகுதியைக் காட்டி உள்ளே வருவது? இக்கேள்விக்குப் பாலூவிடம் விடை இருந்ததாக நான் எண்ணவில்லை. ஒரு காலத்தில் தம்மை வியந்து பார்த்த இளைஞரிடம் தோற்றது அவருக்கு எப்படி இருந்தது என்பதையும் அவர் எழுதி வைக்கவில்லை. எழுதியவர் விட்டல், 1948இல் வெளிவந்த அவருடைய மராத்தித் தன்வரலாற்றில் அண்ணனின் நாட்கள் பதிவாகியுள்ளன.

1955ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் பம்பாயில் பாலூ காலமானார். பழைய ஆட்டக்காரர்களும் நாடாளுமன்ற உறுப்பினர் சிலரும் சாந்தாகுரூஸ் சுடுகாடுவரை வந்தனர். அடுத்த ஆண்டு அக்டோபரில் நாகபுரியில் அம்பேத்கர் பௌத்தம் தழுவினார்.