கடல் கடந்த பியானோ வித்துவான்

மேனாட்டுச் சங்கீதத்தைப் பற்றி எழுத முற்படுவது எனக்குச் சிறிது துணிச்சலான காரியமே. மிஷன் பாடசாலையிலே படித்த காலத்தில், மண்டபத்து மூலையில் நின்ற பியானோவை ஆசிரியை ஒருவர் மாலை வேளைகளில் வாசிக்கக் கேட்டு நின்றதுண்டு. அவற்றுள் மனத்தை விட்டு அகலாதவை பிரெடெரிக் ஷோப்பன் இயற்றியவை என்பது பின்னரே தெரிந்தது. அன்னாருடைய வாழ்விலே, 1848ஆம் ஆண்டிற் பிரித்தானியாவிற் கழிந்த ஏழு மாதங்களையே இங்கு சிறப்பாகக் கூற விரும்புகிறேன்.

ஷோப்பன் 1810ஆம் ஆண்டு போலந்திலே, வார்சா நகருக்கு அண்மையிலுள்ள கிராமமொன்றிற் பிறந்தார். தந்தையார் பிரெஞ்சுக்காரர், தாயார் போலந்துப் பெண்மணி. 1830 நவம்பர் தொடக்கத்தில், இருபது வயதிலே, கச்சேரி செய்யும் நோக்கத்துடன் பிறநாடு புறப்பட்டார். ஒரு மாதம் செல்லுமுன்னரே வார்சாவில் ருஷ்ய ஆட்சிக்கெதிராகக் கிளர்ச்சி மூண்டது. மறு ஆண்டு அது நசுக்கப்பட்டது. பிறந்த மண்ணை அவர் பின்னர் மிதிக்கவேயில்லை.

பாரிசிலே குடியேறிய அவர் கச்சேரியைக் காட்டிலும் படிப்பித்தலாலேயே சீவித்தார். பாடமொன்றுக்கு இருபது பிராங். வாழ்நாள் முழுவதிலும் அவர் செய்த பொதுக் கச்சேரிகள் ஏறக்குறைய முப்பதுதான் என்றால் நம்பமுடிகிறதா? பெருங்கூட்டம் அவருக்கு ஒவ்வாது. ஆனாற் படிப்பித்தலில் அவருக்கென்று ஒரு வழி இருந்தது. எல்லாரும் முதலிற் கொடுக்கும் ஸி மேஜர் சுரவரிசையை விட்டு, நீண்ட விரல்கள் கறுப்புக் கட்டைகளில் இயல்பாக அமரும் பி மேஜர் வரிசையையே முதலிற் பழக்குவார். ஐந்து விரல்களுக்கும் ஒரே பலம் வரவேண்டுமென்று மற்றையோர் மாணவரை வருத்த, ஒவ்வொரு விரலுக்கும் தனிக்குணம் உண்டு, அதைக் கெடுத்தலாகாது என்பது அவர் கொள்கை. நாளொன்றுக்கு மூன்று மணிக்கு மேற் சாதகம் வேண்டாம் என்பார். நல்ல பாடகரைக் கேட்டு, அவர் பாடுவதுபோல வாசிக்கப் பழகுங்கள் என்றும் சொல்வார். வாய்ப்பாட்டே சங்கீதத்தின் வேர் என்று கொண்ட நமக்கு இது புதிதன்று.

1848 பெப்ரவரியிற் பாரிசிலே புரட்சி வெடித்தது. செல்வர் நகரை விட்டோடினர்; மாணாக்கரும் அவர்களோடு போயினர். சயரோகம் முற்றிய நிலையிலே, கையிற் காசில்லாமல், ஏப்ரில் 20ஆந் திகதி ஷோப்பன் லண்டனை அடைந்தார். அவரை அழைத்து விடுதியும் ஒழுங்கு செய்தவர் ஜேன் ஸ்டேர்லிங் என்னும் ஸ்கொத்லாந்து மாணாக்கி. விடுதி அறையிலே மூன்று பியானோக்கள் நின்றன; மூன்று தொழிற்சாலைக்காரரும் ஆளுக்கொன்று அனுப்பியிருந்தனர்! பாடமொன்றுக்கு ஒரு கினி வாங்கினார். பாடங் கேட்டுவிட்டுப் பணங் கொடாமலே நாட்டுப்புறம் போய்விட்ட சீமாட்டிகளும் இருந்தனர். மே 15ஆந் திகதி விக்டோரியா மகாராணியார் முன்னிலையில் வாசித்தார். அரசியார் தம் நாட்குறிப்பிலே பாடகர்களின் பெயர்களை எழுதினார். பியானோ வாசித்தவர்களுக்கோ பெயர் எழுதினாரில்லை.

கோடை கழிந்ததும் லண்டனிற் பிரபுக்கள் இல்லை, பாடமும் இல்லை. ஆகவே ஓகஸ்டிலே புகையிரதமேறி ஸ்கொத்லாந்து சென்றார். ஜேன் ஸ்டேர்லிங்கும் தமக்கையாரும் அவரை மாளிகை மாளிகையாக அழைத்துச் சென்றனர். படியேற மாட்டாதவரைப் பணியாள் தூக்கிச் செல்லவேண்டியிருந்தது. இந்த அம்மையார் நோயாளியை அலைக்கழித்தார் எனப் பலரும் குறைகூறுவர். அவர் இல்லையேல் அவ்வாண்டு ஷோப்பனின் நிலை என்னவாகியிருக்கும் என்று அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

ஓகஸ்ட் 28ஆந் திகதி மான்செஸ்டரிலே கச்சேரி. ஊதியம் அறுபது பவுண். மண்டபத்திலே ஏறக்குறைய 1,200 பேர். பாரிசிலிருந்தே பழக்கமான ஒஸ்போர்ன் என்னும் நண்பர் அங்கிருந்தார். அவரைக் கச்சேரி கேட்க வரவேண்டாம் என்று ஷோப்பன் கேட்டுக்கொண்டார். பெரிய மண்டபத்திலே தம் வாசிப்பு எடுபடாது, அது இருவருக்கும் வேதனையாகும் என்பது காரணம். நண்பர் ஒரு மூலையில் மறைந்திருந்து கேட்டார். பயந்தபடியே நடந்தது. அம் மெல்லிய வாசிப்பு பலர் செவிக்கு எட்டவில்லை. செப்டெம்பரிற் கிளாஸ்கோ, ஒக்டோபரில் எடின்பரோ என மேலும் இரு கச்சேரிகள் செய்துவிட்டு லண்டன் திரும்பிப் படுக்கையில் வீழ்ந்தார்.

நவம்பர் 16ஆந் திகதி, போலந்து அகதிகளின் உதவி நிதிக்காகக் கில்ட்ஹோல் மண்டபத்தில் நடன விழாவொன்று நடந்தது. ஷோப்பன் நோய்ப் படுக்கையை விட்டெழுந்து அங்கு வாசித்தார். வந்தவர்கள் ஆடுவதற்கு வந்தவர்கள். மறுநாட் பத்திரிகைகளிலும் அவர் வாசிப்புக்கு இடம் கிடைக்கவில்லை. மேடையிலே அவர் வாசித்தது அதுவே கடைசி. ஒரு வாரத்தில் பாரிசுக்குத் திரும்பினார். 1849 ஒக்டோபர் 17ஆந் திகதி காலமானார். அவர் பியானோவை வாங்கி வார்சாவிலிருந்த சகோதரி லுட்விகாவுக்கு அனுப்பியவரும் ஜேன் ஸ்டேர்லிங்கே.

உடல் பாரிசில் அடக்கமாயிற்று. இதயத்தை மட்டும், அவர் விருப்பப்படி, லுட்விகா மறைவாக வார்சாவுக்குக் கொண்டுபோனார். அது அங்கே திருச்சிலுவைக் கோயிலின் தூணொன்றிலே வைக்கப்பட்டது. 1944ஆம் ஆண்டு யுத்தத்தின்போது ஜேர்மனியர் அதை எடுத்துச் சென்றனர். மறு ஆண்டு ஒக்டோபர் 17ஆந் திகதி, அவர் இறந்த அதே நாளில், இடிந்து கிடந்த அந்நகருக்கு அது மீண்டும் வந்து சேர்ந்தது.