வீடுதோறும் வினவிய வைத்தியர்

ஜான் ஸ்நோ என்னும் ஆங்கில வைத்தியரின் பெயரைக் கேட்டவுடன், லண்டன் மாநகரத்துத் தெருவொன்றில் கைப்பம்பின் பிடியைக் கழற்றுவித்து வாந்திபேதியை ஓட்டிய கதையே பலர்க்கும் நினைவிற்கு வரும். கதை இனியதே, எனினும் அவர் பெருமை அப்பிடியில் இல்லை. பிடி கழற்றப்படுமுன்னரே நோய் தணியத் தொடங்கிவிட்டதென்றும், மக்கள் அவ்விடம் விட்டு ஓடியமையே அதற்குக் காரணமாகலாமென்றும் எழுதி வைத்தவர் அவரே. தம் வெற்றிக்குத் தாமே குறை கூறத் துணிந்தாரொருவர் செய்த ஆராய்ச்சி எத்தகையதென்று நாம் அறிதல் நலம்.

அவர் 1813-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15-ஆம் நாள் யார்க் நகரில், கூலித் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். பதினான்காம் வயதில் நியூகாசில் நகரத்து வைத்தியர் ஒருவரிடம் தொழில் பயிலச் சென்றார். 1831-32-இல் இங்கிலாந்தில் வாந்திபேதி புகுந்தபோது, கில்லிங்வர்த் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்க்குச் சிகிச்சை செய்யும் பொறுப்பு அவ்விளைஞர்பால் வந்தது. 1836-இல் லண்டன் சேர்ந்தார்; 1844-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பல்லாண்டுகள் மதுவையும் மாமிசத்தையும் விலக்கியிருந்தார்; மணமின்றி வாழ்ந்தார். 1853-இல் விக்டோரியா மகாராணியாரின் பிள்ளைப்பேற்றின்போது குளோரோபாரம் கொடுத்தவரும் இவரே.

அக்காலத்து அறிஞருட் பெரும்பாலோர், அழுகிய பொருள்களினின்று எழும் கெட்ட காற்றே வாந்திபேதிக்குக் காரணமென நம்பினர். ஸ்நோவோ, அது குடிநீர் வழியாகப் பரவுவதென 1849-இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அதனைப் பொருட்படுத்தினோர் சிலரே.

1854 ஆகஸ்டு 31-இல் லண்டன் சோஹோவின் பிராடு தெருவைச் சுற்றி நோய் திடீரென மூண்டது. பத்து நாட்களில் ஐந்நூற்றுவர்க்கு மேல் மாண்டனர். பிறப்பிறப்புப் பதிவு அலுவலகத்திலிருந்து 83 மரணங்களின் பட்டியலைப் பெற்ற ஸ்நோ, அவர்தம் இல்லங்களை நாடிச் சென்றார். பட்டியல் இறந்தோரை எண்ணிக் காட்டுமேயன்றி, அவர் எந்நீரைப் பருகினரென்று கூறாதன்றோ? அதனை எஞ்சியிருந்தோரின் வாய்மொழியாலேயே அறிதல் வேண்டும். 73 பேர் பிராடு தெருப் பம்பிற்கு அண்மையில் இருந்தவர். அவருள் 61 பேர் அந்நீரைப் பருகியமை தெரிந்தது.

இங்கே நிறுத்தியிருப்பின், கொள்கைக்கு இணங்கிய சான்றுகளை மட்டும் பொறுக்கினாரென்ற பழி அவரைச் சேர்ந்திருக்கும். எஞ்சிய பதின்மர் வேறு பம்புகட்கு அருகில் இருந்தவர். அவர்களையும் ஸ்நோ விடவில்லை. ஐவர் தொலைவிலிருந்தும் அந்நீரையே விரும்பித் தருவித்தவர். மூவர் அப்பம்பிற்கு அருகே பள்ளி சென்ற பிள்ளைகள். மற்ற இருவரைத் தம் கொள்கைக்குச் சான்றாக அவர் இழுக்கவில்லை. பின்னர், பம்பிற்கு அருகிலிருந்தும் பிழைத்தோரைத் தேடினார். ஏழையர் விடுதியில் 535 பேர் இருந்தும் ஐவரே மாண்டனர். அவ்விடுதிக்குத் தனிக் கிணறு உண்டு. அத்தெருவிலேயே இருந்த பீர் வடிக்கும் சாலையில் எழுபதுக்கு மேற்பட்ட தொழிலாளருள் ஒருவரும் மாளவில்லை. அவர்கள் பீரையே பருகுபவர். நெடுந்தொலைவில், ஹாம்ஸ்டெட்டில், கைம்பெண் ஒருவர் தனித்து மாண்டார். அவரோ முன்னர் பழகிய சுவையை மறவாது, பிராடு தெருவின் நீரை நாடோறும் வண்டியிற் கொணர்வித்துப் பருகியவர்!

தமிழ் பயிலும் எனக்கு இவ்விடத்தில் ஏடு பார்த்து நூல் பதிப்பிப்போர் நினைவு வருகின்றது. தமக்கு உகந்த பாடத்தை மட்டும் அச்சிட்டு, மாறுபட்ட பாடங்களை மறைக்கும் பதிப்பாசிரியரை நாம் நம்புவதுண்டோ?

இக்காலத்துச் சமூக ஆராய்ச்சியாளர், எண்ணிக் காண்பது ஒருமுறை, மக்களிடம் வினவி அறிவது மற்றொருமுறை என வகுத்து, இரண்டும் சேர்ந்ததைக் கலப்புமுறை என்பர். கணக்கொன்றும் கதையொன்றுமாக அடுத்தடுத்து வைத்தல் கலப்பன்று; ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புதல் வேண்டும். தென்லண்டனில் ஸ்நோ செய்தது அதுவே. ஆங்கே இரு கம்பெனிகள் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளுக்கு நீர் வழங்கின. லாம்பெத் கம்பெனி 1852-இல் நீரெடுக்கும் இடத்தைத் தேம்ஸ் நதியின் மேற்பகுதிக்கு மாற்றிவிட்டது. சதர்க்-வாக்சால் கம்பெனி நகரின் கழிவு கலந்த நீரையே எடுத்தது. ஸ்நோவும் ஓர் உதவியாளரும் வீடுவீடாகச் சென்றனர். குடியிருப்போர் பலர்க்குத் தம் கம்பெனியின் பெயரே தெரியவில்லை. ஸ்நோ அதை ஊகித்து எழுதிக்கொள்ளாமல், நீரைக் குப்பியில் எடுத்து வெள்ளி நைட்ரேட்டு இட்டு உப்பின் அளவு கண்டு தெளிந்தார். நோயின் முதல் ஏழு வாரங்களில், பதினாயிரம் வீடுகளுக்குச் சதர்க்-வாக்சால் நீர் பருகியவருள் 315 பேரும், லாம்பெத் நீர் பருகியவருள் 37 பேரும் இறந்தமை வெளிப்பட்டது.

அங்ஙனமிருந்தும் சுகாதார போர்டின் அறிஞர் குழு அவர் கூற்றை 1855-இல் ஏற்க மறுத்தது. பிராடு தெருப் பகுதியில் ஊழியம் செய்துவந்த உதவிக் குரு ஹென்றி ஒயிட்ஹெட் என்பவரும் அதனை ஐயுற்றார். அந்நீரைப் பருகியும் பிழைத்தோரைத் தாம் அறிந்திருந்தமையால், ஸ்நோவின் கூற்றைப் பொய்ப்பிக்கவே அவர் புறப்பட்டார். அவ்வையம் நியாயமானதென்பதே என் கருத்து. பம்பின் செய்தியில் ஸ்நோ பெரும்பாலும் இறந்தோர் வீடுகளையே நாடியவர். ஒயிட்ஹெட்டோ இறந்தோர், பிழைத்தோர், நோயே காணாதோர் ஆகிய அனைவரையும் மீண்டும் மீண்டும் சென்று வினவினார். சபைக் குருவாகலின், மக்கள் அவரிடம் மறையாது பேசினர். வினவ வினவ, பருகியோரையே நோய் மிகுதியாகப் பற்றியமை புலப்பட்டது. அவர் மனம் மாறினார். நோய் மூளுமுன்னரே பிராடு தெரு 40-ஆம் எண் வீட்டில் பேதியால் வருந்திய குழந்தையொன்றின் செய்தியும் அவர்க்கே கிடைத்தது. தாய் துணிகளை அலசிய நீரை வீட்டின் மலக்குழியில் ஊற்றியிருந்தார். தோண்டிப் பார்த்தபோது, அக்குழி கிணற்றினின்று மூன்றடிக்கும் குறைந்த தூரத்தில் இருந்தது; இடைச்சுவர் சிதைந்து கசிவு காணப்பட்டது.

ஸ்நோ 1858 ஜூன் 16-ஆம் நாள், குளோரோபாரத்தைப்பற்றிய நூலை எழுதிக்கொண்டிருந்தபோது நோயுற்று, நாற்பத்தைந்தாம் வயதில் காலமானார். அவர் கொள்கையைப் பெரியோர் பலர் அப்பொழுதும் ஏற்றிலர். அவரைப் பொய்ப்பிக்கச் சென்ற ஒயிட்ஹெட், தம் எழுதும் அறையில் அவருடைய படத்தை மாட்டி வைத்திருந்தார்.