பூவை நெருங்கிப் பார்த்த டாக்டர்

ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிறது கலசப்பாக்கம். மழைக்காலத்தில் அந்தப் பக்கத்து வேலிகளில் செங்காந்தள் பூக்கும். அதன் ஆறு இதழ்களும் தீக்கொழுந்து போல மேல்நோக்கி வளைந்திருக்கும். அதைக் கண்டால் இன்றைய இளைஞர்கள் சும்மா போவதில்லை. கைபேசியைப் பூவின் அருகே கொண்டுபோய்ப் படம் பிடிக்கிறார்கள். மகரந்தத் தூள்கூடத் தெரிகிறது!

காமிரா இல்லாத காலத்தில் பூவை இப்படிப் பெரிதாக்கிக் காட்ட முடிந்ததா? முடிந்தது. தமிழ்நாட்டில் அதைச் செய்வித்தவர் டாக்டர் ராபர்ட் வைட்.

வேலை போயிற்று

வைட், ஸ்காட்லாந்தில் 1796-ம் ஆண்டு பிறந்தார். எடின்பரோவில் வைத்தியம் படித்தார். 1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாள டாக்டராகச் சென்னை ராஜதானிக்கு வந்தார். அந்நாளில் மருந்துகளில் பெரும்பாலானவை செடிகொடியிலிருந்தே கிடைத்தன. ஆகவே டாக்டருக்குச் செடிகளைப் பற்றிய அறிவும் வேண்டும். வைட்டுக்கு அதுவே உயிராகிவிட்டது.

1826-ல் செடி ஆராய்ச்சிக்கென்றே அவருக்குச் சென்னையில் உத்தியோகம் கிடைத்தது. இரண்டே ஆண்டுகள்! 1828-ல் அந்த உத்தியோகத்தையே சர்க்கார் எடுத்துவிட்டது. சேகரித்த செடிகள் லண்டனுக்குப் போயின. வைட் நாகப்பட்டினத்துக்குப் பட்டாள டாக்டராகப் போனார்.

அவர் மனம் உடையவில்லை. ஓய்வு நேரத்தில் செடிகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தார். 1831-ல் விடுமுறையில் ஊருக்குப் புறப்பட்டபோது அவரிடம் சுமார் 1 லட்சம் செடி மாதிரிகள் இருந்தன. எடை 2 டன்!

ரங்கையாவின் கை

காகிதத்தில் வைத்து அழுத்திக் காயவைத்த பூ, நிறம் மங்கிவிடும், உருவமும் நசுங்கிவிடும். பூ வாடுவதற்குள் படம் எழுதிவிட வேண்டும். அதற்குத் துணையாக வந்தவர் ரங்கையா என்ற தென்னாட்டு ஓவியர்.

கிளை, இலை, பூ இவற்றை முழுதாக எழுதினால் மட்டும் போதாது. பூவைக் கத்தியால் பிளக்க வேண்டும். இதழ், கேசரம், சூல்பை, விதை என்று ஒவ்வொன்றையும் தனியே பெரிதாக்கிக் காட்ட வேண்டும். இரண்டு செடிகள் ஒன்றா, வேறா என்பதை இந்தச் சின்னஞ்சிறு பாகங்களே சொல்லும். மருந்துச் செடிக்குப் பதில் விஷச் செடியைப் பறித்துவிட்டால் உயிரல்லவா போய்விடும்!

2,101 படங்கள்

1834-ல் வைட் இந்தியாவுக்குத் திரும்பினார். 1838-ல் தென்னிந்தியச் செடிகளின் படப் புத்தகத்தைச் சென்னையில் வெளியிடத் தொடங்கினார். வழவழப்பான கல்லின்மீது படத்தை எழுதி, மை தடவி, காகிதத்தில் அச்சிடும் கல்லச்சு முறை அது. வைட் தாமே அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டார். புகைப்படம் எடுக்கும் முறை பாரிஸ் நகரில் வெளியானது அடுத்த ஆண்டு, 1839-ல்தான்!

1842 முதல் அவருக்குக் கோயமுத்தூரில் வேலை. அமெரிக்கப் பருத்தியை நம் மண்ணில் பயிராக்கிப் பார்க்கும் பொறுப்பு அது. அதற்கிடையிலும் படங்கள் வந்துகொண்டே இருந்தன. ரங்கையாவுக்குப் பின் கோவிந்து என்ற ஓவியர் எழுதினார். 1853-ல் வேலை முடிந்தது. மொத்தம் 6 பாகங்கள், 2,101 படங்கள்.

ஓவியர் பெயர்

அந்நாளில் வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் படம் எழுதிய நம் நாட்டவர் பலருடைய பெயர் எங்கும் இல்லை. வைட் அப்படி மறைக்கவில்லை. படத்தின் கீழே ரங்கையா, கோவிந்து என்று எழுதியவர் பெயரையும் அச்சிட்டார். ஒரு காட்டு ஆர்க்கிட் செடிக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார்.

1853-ல் வைட் இங்கிலாந்துக்குத் திரும்பினார். 1872-ல் காலமானார். குக்குலு என்னும் மருந்துப் பிசினைத் தரும் மரத்தின் விஞ்ஞானப் பெயரில் வைட்டின் பெயர் இன்றும் இருக்கிறது. கோவிந்துவின் செடியைப் பின்னால் வந்த விஞ்ஞானிகள் வேறு இனத்தில் சேர்த்துவிட்டார்கள். பழைய பெயர் வழக்கில் இல்லை. ஆனால் அவர் எழுதிய படங்களை அழிக்க முடியுமா? ரங்கையா, கோவிந்து எழுதிய மூலப் படங்கள் எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.