காக்காரிசி மேடையில் தொடங்கிய பி.கே. ரோசியின் வாழ்க்கை

மலையாளத் திரையுலகின் முதல் நாயகியாக அறியப்படும் பி.கே. ரோசி, திரைக்கு வருமுன் நாட்டார் நாடகக் கலைஞராக விளங்கியவர். 1903-ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தை அடுத்த நந்தன்கோட்டில் புலையர் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்த அவர், புல்லறுத்துப் பிழைத்தார்.

அவர் பயின்றது காக்காரிசி நாடகம். நெய்யாற்றின்கரை, பாறசாலை போன்ற எல்லைப்புற ஊர்களின் பேச்சைப் போலவே இந்நாடகத்திலும் தமிழும் மலையாளமும் கலந்து வரும். சிவனும் பார்வதியும் காக்கான், காக்காத்தி என்னும் குறவர் வேடத்தில் பூமிக்கு வருவர். யார், எந்த ஊர், எதற்காக வந்தாய் என்று தம்புரான் அதட்டுவார். காக்கான் அதற்கெல்லாம் நையாண்டியாகவே விடையளிப்பான். பகலெல்லாம் வயலில் தலைகுனிந்து நின்றவர்கள், இரவில் தீவட்டி வெளிச்சத்தில் தம்புரானுக்கு எதிர்வார்த்தை சொல்ல முடிந்தது. கூத்து ஏன் தோன்றியது என்பதற்கு அறிஞர்கள் பல விளக்கங்கள் தரலாம். அம்மக்களுக்கு இந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது.

பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிவந்த அக்கலையில் ரோசி தேர்ச்சி பெற்றார். அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே.சி. டேனியல், தமது 'விகதகுமாரன்' என்னும் மௌனப் படத்திற்கு அவரை நாயகியாகத் தேர்ந்தெடுத்தார். ஏற்றது சரோஜினி என்னும் நாயர் பெண்ணின் வேடம்.

மேடையில் தம்புரானைக் கேலி செய்யப் பொறுத்துக்கொண்ட சமூகம், திரையில் இதைப் பொறுக்கவில்லை. திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில் படம் வெளியானபோது திரை மீது கற்கள் வீசப்பட்டன. ரோசியின் குடிசைக்கும் தீ வைக்கப்பட்டது. லாரி ஒன்றில் ஏறித் தப்பிய அவர் நாகர்கோவிலை அடைந்ததாகக் கூறப்படுகிறது. அவர் தமிழகத்திற்கு ஓடிவிட்டார் என்று இன்று பலரும் எழுதுகின்றனர். ஆனால் 1956 வரை நாகர்கோவிலும் திருவிதாங்கூர் நிலப்பகுதியே. நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியே செல்லும் அச்சாலையில் அன்று மாநில எல்லை ஏதும் இல்லை.

லாரி ஓட்டுநர் கேசவ பிள்ளையை மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில் எஞ்சிய காலத்தைக் கழித்தார். மீண்டும் நடிக்கவில்லை. 1988-இல் காலமானார். 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தனது முகப்பில் அவரது சித்திரத்தை வெளியிட்டுச் சிறப்பித்தது. அவர் நடித்த ஒரே படத்தின் பிரதி இன்று எங்கும் இல்லை.