அணுவைப் பிளந்த எலக்ட்ரிக்கல்காரர்

போன செமஸ்டரில் நாலு டயோடு, நாலு கெப்பாசிட்டர் வைத்து ஒரு வோல்டேஜ் மல்டிப்ளையர் கட்டினேன். டிரான்ஸ்பார்மரில் 230 வோல்ட். உச்சம் 325. கடைசி முனையில் அதைப்போல் நாலு மடங்கு, 1300! சுவிட்ச் ஆஃப் பண்ணியாச்சேன்னு கை வைத்தேன். கெப்பாசிட்டர் சும்மா விடுமா? ஸ்டூலோடு விழுந்தேன். வீட்டில் சொல்லவில்லை. எங்க வீட்டில் முதன்முதலில் படிக்க வந்தவன் நான். சொன்னால் அம்மா படிப்பே வேண்டாம்னு கூட்டிட்டுப் போயிடும்.

அன்று இன்ஸ்ட்ரக்டர் சொன்ன பெயர்தான் ஜான் காக்கிராஃப்ட். 1897-ல் இங்கிலாந்தின் டாட்மார்டனில் பிறந்தவர். அப்பாவுக்குப் பருத்தி மில். (என் அப்பாவும் மில்தான். அவர் முதலாளி, இவர் ஷிஃப்ட் தொழிலாளி, அவ்வளவுதான் வித்தியாசம்!) முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பி, மான்செஸ்டரில் எலக்ட்ரிக்கல் படித்து, மெட்ரோபாலிட்டன் விக்கர்ஸ் கம்பெனியில் அப்ரண்டிஸாக இருந்தார். அப்புறம்தான் கேம்பிரிட்ஜ், ரூதர்ஃபோர்டின் ஆய்வுக்கூடம் எல்லாம்.

அணுக்கருவைப் பிளக்கப் பல மில்லியன் வோல்ட் வேண்டும் என்று நினைத்திருந்த காலம் அது. கருவைச் சுற்றியுள்ள மின்தடுப்பை ஏறித் தாண்டாமலே துகள் ஊடுருவிவிடும் என்று 1928-ல் காமோவ் கணக்குக் காட்டினார். அதை வைத்துக் காக்கிராஃப்ட் போட்ட கணக்கில் மூன்று லட்சமே போதும் என்று வந்தது. அவரும் அயர்லாந்துக்காரர் வால்டனும் வேலையில் இறங்கினார்கள். ஒரு அரைச்சுற்றில் ஒரு கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும், மறு அரைச்சுற்று அதை அடுத்ததன் தலைமேல் ஏற்றிவிடும். சுவிட்சர்லாந்தின் கிரைனாக்கர் முன்பே சொன்ன வழிதான். இரண்டு லட்சத்தை நாலு மடங்காக்கி எட்டு லட்சம் என்பது திட்டம். என் போர்டும் அதே நாலு மடங்கு! ஆனால் நம்ம சிலிக்கான் டயோடு அன்று ஏது? ஆளுயரத்துக்கு மேல் கண்ணாடிக் குழாய்கள், உள்ளே வெற்றிடம். காற்று கசிந்த இடத்தில் பிளாஸ்டிசின் களிமண்ணை அப்பினார்களாம்.

1932 ஏப்ரல் 14. ஈயம் வேய்ந்த சின்ன மரப்பெட்டிக்குள் வால்டன் தவழ்ந்து போய்ப் பார்த்தார். திரையில் மினுக் மினுக்கென்று ஒளிப்புள்ளிகள்! லித்தியம் அணு இரண்டு ஹீலியமாகப் பிளந்திருந்தது. 1951-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

பின்னாளில் விண்ட்ஸ்கேல் அணுஉலைப் புகைபோக்கிகளின் உச்சியில் ஃபில்டர் வைத்தே ஆகணும் என்று காக்கிராஃப்ட் பிடிவாதம் பிடித்தார். வீண்செலவு என்று கேலி செய்தார்கள். 1957 அக்டோபரில் உலை தீப்பிடித்தது. கதிரியக்கத் தூசியில் பெரும்பகுதியை அந்த ஃபில்டர்தான் பிடித்து நிறுத்தியது. பத்து வருஷம் கழித்து, 1967-ல், அவர் இறந்தார்.

என் போர்டில் இப்போது ஒவ்வொரு கெப்பாசிட்டருக்கும் ஒரு பிளீடர் ரெசிஸ்டர் இருக்கு. இன்ஸ்ட்ரக்டர் கேட்கவில்லை, நானே போட்டேன்.